சர்வீஸ் விடுறவங்களும் பானெட் திறந்து பாக்கணுமா?

கேள்வி (11 பிப்ரவரி 2024)

செகண்ட் ஹேண்ட்ல ஒரு சின்ன பெட்ரோல் கார் வாங்கியிருக்கேன், 2016 மாடல். ஆபீஸ் போக வர தினம் 9 கிலோமீட்டர். வருஷம் ஒரு தடவை சர்வீஸ் விட்டுருவேன். எங்கப்பா என்னடான்னா வாரம் ஒருக்கா பானெட்டைத் திறந்து பாருங்கிறார். அவர் அம்பாசிடர் காலத்து ஆளு. இப்ப வர்ற வண்டிக்கு அதெல்லாம் தேவையா? கோளாறுன்னா டாஷ்போர்டுல லைட் எரியுமே?

11 பிப்ரவரி, இரவு

அப்பா சொல்றதைக் கேளு தம்பி. லைட் எரியும், ஆனா எரியறதுக்குள்ள பாதிக் கதை முடிஞ்சிருக்கும். அந்த சிவப்பு ஆயில் லைட் ஆயில் எவ்வளவு இருக்குன்னு காட்டுறது இல்ல. ஆயில் பிரஷர் விழுந்துருச்சுன்னு சொல்றது. அது எரிஞ்சா அடுத்த பங்க் வரைக்கும் போயிரலாம்னு கணக்குப் போடக் கூடாது. அங்கயே ஓரங்கட்டி அணைக்கணும். அளவு எவ்வளவுன்னு தெரியணும்னா டிப்ஸ்டிக்கை (ஆயில்ல முங்கிக் கிடக்கிற அளவுக் கம்பி) உருவித்தான் பாக்கணும். சமதரையில நிறுத்தி, அணைச்சு, அஞ்சு நிமிஷம் விட்டு, ஒரு தடவை துடைச்சு, மறுபடி விட்டு எடுக்கணும். முதல் தடவை எடுக்கிறது பொய் சொல்லும்.

எங்கப்பா சங்ககிரில லாரி ஓட்டினவர். காலைல டீ குடிக்கிறதுக்கு முன்னாடி வீல் ஸ்பேனரை எடுத்துக்கிட்டு ஒவ்வொரு டயரா தட்டிட்டு வருவார். காத்து இருக்கிற டயர் "டண்"ணுனு சொல்லும், இறங்கினது "தொப்"னு சொல்லும். பத்து டயரையும் காதுலயே பாத்துருவார். நமக்கு நாலு டயர், அதுவும் பத்து நாளைக்கு ஒரு தடவை பங்க்ல கேஜ் வச்சுப் பாக்க நேரமில்லைங்கிறோம்.

ஆயில், தண்ணி, காத்து. வாரம் ஒருக்கா, காலைல, இன்ஜின் ஆறிக் கிடக்கும்போது. அஞ்சு நிமிஷ வேலை.

12 பிப்ரவரி

ஸ்டெப்னியையும் சேத்துக்க. எல்லாரும் மறக்கிறது அதைத்தான்.

19 பிப்ரவரி

காத்து எவ்வளவுன்னு கேட்டிருக்கே. டிரைவர் கதவைத் திறந்தா தூண்ல ஒரு ஸ்டிக்கர் இருக்கும், அதுல எழுதியிருக்கிறதுதான் உன் வண்டிக்கு. என் வண்டிக்கு 32 பிஎஸ்ஐ (காத்தழுத்தத்தை அளக்கிற அலகு). டயர் பக்கவாட்டுல போட்டிருக்கிற பெரிய நம்பர் அந்த டயர் தாங்குற உச்சம், அதை வைக்கக் கூடாது. பங்க் பையன் "35 வச்சிரவா சார்"னுதான் கேப்பான், வேணாம்னு சொல்லு. அப்புறம், ஸ்டிக்கர் நம்பர் ஆறின டயருக்கு. 20 கிலோமீட்டர் ஓட்டிட்டுப் போய்ப் பாத்தா 35, 36 காட்டும். அதிகமா இருக்கேன்னு இறக்கிட்டு வந்துராதே. நான் ரெண்டு வருஷம் அப்படித்தான் இறக்கிட்டு இருந்தேன், முன் டயர் ரெண்டும் ஓரம் தேஞ்சு மொட்டையான பிறகுதான் புத்தி வந்துச்சு.

சாதாக் காத்துக்குப் பதிலா டயர்ல நைட்ரஜன் அடிக்கிறது பத்தி: நாம மூச்சு விடுற காத்துலயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். ஓசியா அடிச்சா அடிச்சுக்க. காசு குடுத்து அடிக்கிறதுக்கு அந்தக் காசுல நல்ல கேஜ் ஒண்ணு வாங்கி டேஷ்போர்டு பெட்டிக்குள்ள போட்டு வை.

செகண்ட் ஹேண்ட் வண்டிங்கிறதால ஒண்ணு. டயர் பக்கவாட்டுல சின்ன வட்டத்துக்குள்ள நாலு இலக்கம் இருக்கும். 2319னா 2019-ஆம் வருஷம் 23-ஆவது வாரம் தயாரிச்சது. பாத்துட்டு சொல்லு.

20 பிப்ரவரி

1016-ஆ. அப்ப வண்டியோட வந்த டயரே இன்னும் ஓடுது. தடம் புதுசு மாதிரி இருக்குன்னு சொல்ற, சந்தோஷம். ஆனா எட்டு வருஷ ரப்பர் அது. குனிஞ்சு பக்கவாட்டைப் பாரு, முடி மாதிரி வெடிப்பு ஓடியிருக்கும். தடத்தோட ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழ போனா மாத்தணும்கிறது ஒரு கணக்கு, வயசு இன்னொரு கணக்கு. உள்ளூர்ல ஓட்டு, பைபாஸ்ல நூறுல போகாதே, மாத்துறதுக்குக் காசு சேத்து வை.

3 மார்ச்

வருஷத்துக்கு 3,000 கிலோமீட்டர்தான் ஓடுது, 10,000-க்குத்தானே ஆயில் மாத்தணும்னு ஒரு அக்கா கேட்டிருக்காங்க. அக்கா, புத்தகத்துல "10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருஷம், எது முன்னாடி வருதோ"ன்னு இருக்கும். அந்தப் பின்பாதியை யாரும் படிக்கிறதில்லை. உங்களை மாதிரி நாலு கிலோமீட்டர், அஞ்சு கிலோமீட்டர் ஓட்டி அணைக்கிற வண்டிக்குத்தான் ஆயில் சீக்கிரம் கெடும். இன்ஜின் நல்லா சூடாகாததால உள்ள சேர்ற ஈரமும் பெட்ரோலும் ஆவியாகிப் போறதில்லை, ஆயில்லயே தங்கிரும். பேட்டரிக்கும் அதே கதைதான், ஸ்டார்ட் பண்ண செலவான கரண்ட்டைத் திருப்பிக் குடுக்கவே நேரம் பத்தாது. ஞாயித்துக்கிழமை ஒரு அரை மணி நேரம் ஊரைத் தாண்டி ஓட்டிட்டு வாங்க. கோயிலுக்குப் போன மாதிரியும் ஆச்சு.

28 ஏப்ரல்

இன்னிக்கு ஊருக்கு உபதேசம் பண்ணவனுக்கே வந்துச்சு. சேலத்துல வெயில் 40-ஐத் தாண்டி நிக்குது. ஐந்து ரோட்டுல ஏசி போட்டுக்கிட்டு டிராஃபிக்ல நிக்கிறேன், டெம்பரேச்சர் லைட் சிவப்பா எரியுது. என் வண்டில முள்ளு கிடையாது, வெறும் லைட்டுதான். ஏசியை அணைச்சு, ஹீட்டரை ஃபுல்லா திறந்துவிட்டேன். அந்த வெயில்ல ஹீட்டர்! பொண்டாட்டி பாத்த பார்வையை எழுத முடியாது. ஆனா ஹீட்டரும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான், இன்ஜின் சூட்டைக் கொஞ்சம் இழுத்து வெளிய தள்ளும். ஓரமா ஒரு ஹோட்டல் வாசல்ல நிறுத்தி முக்கால் மணி நேரம் உக்காந்துட்டு, அரை லிட்டர் தண்ணி ஊத்தி வீடு வந்து சேந்தேன்.

ரேடியேட்டர் மூடிதான் போயிருக்கணும். ரப்பர் காஞ்சு போய்க் கிடக்கு. நாளைக்கு மாத்திருவேன்.

29 ஏப்ரல்

உடனே திறந்து தண்ணி ஊத்தியிருக்கலாமேன்னு ஒருத்தர் கேக்கிறார். அய்யா, தயவுசெஞ்சு அதை மட்டும் பண்ணாதீங்க. மூடியிலயே 0.9 இல்லாட்டி 1.1னு அச்சடிச்சிருக்கும் பாருங்க, உள்ள அவ்வளவு அழுத்தத்தை அது பிடிச்சு வைக்குது. அந்த அழுத்தத்துல தண்ணி 120 டிகிரி பக்கம் வரைக்கும் கொதிக்காம அடங்கிக் கிடக்கும். மூடியைத் திருகின நொடியே அத்தனையும் கொதிச்சு முகத்துல அடிக்கும். எங்கப்பாவோட வலது முழங்கைல இன்னும் தழும்பு இருக்கு. கிளீனர் பையனைத் தள்ளிவிட்டுட்டு இவர் வாங்கிக்கிட்டது.

2 மே

திருத்தம். மூடி மாத்தியும் நேத்து சாயங்காலம் மறுபடி லைட். அப்பதான் உக்காந்து யோசிச்சேன். பைபாஸ்ல 80-ல போகும்போது ஒரு தடவை கூட எரியல, டிராஃபிக்ல நின்னாத்தான் எரியுது. ஓடும்போது எதிர்காத்து ரேடியேட்டரை ஆத்துது. நிக்கும்போது ஃபேன்தான் ஆத்தணும். பானெட்டைத் திறந்து வச்சு ஏசியைப் போட்டேன், ஃபேன் சும்மா நிக்குது. இதை முதல் நாளே பாத்திருக்கணும். மூடிக் காசு தண்டம்.

ஃப்யூஸ் நல்லா இருந்துச்சு. ஃப்யூஸ் பெட்டி மூடிக்கு உள்பக்கம் படம் போட்டிருக்கும், எது எந்த ரிலேன்னு (ரிலேங்கிறது கரண்ட்டைத் திறந்து மூடுற குட்டி சுவிட்ச்). என் வண்டில ஹார்ன் ரிலேயும் ஃபேன் ரிலேயும் ஒரே சைஸ், ஒரே நம்பர். ஹார்ன் ரிலேயைப் பிடுங்கி ஃபேன் இடத்துல சொருகினேன், "விர்"ருனு சுத்துச்சு. அப்படியே ஹார்ன் இல்லாம கொண்டலாம்பட்டி ரவுண்டானாவைத் தாண்டி ஸ்பேர்ஸ் கடைக்குப் போனேன். இருபது வருஷத்துல நான் இவ்வளவு பொறுமையா ஓட்டினதே இல்லை. புது ரிலே இருநூறு ரூபாய்க்குள்ள முடிஞ்சுது.

அதனால: நிக்கும்போது சூடானா முதல்ல ஃபேனைப் பாருங்க. ஓடும்போது சூடானா கூலன்ட் (இன்ஜினை ஆத்துற திரவம்), தெர்மோஸ்டாட் (அது ரேடியேட்டருக்குப் போற வழியைத் திறக்கிற வால்வு), அடைச்சுப்போன ரேடியேட்டர்.

3 மே

நம்பர் பாக்காம மாத்திச் சொருகாதீங்க. எல்லா ரிலேயும் பாக்கிறதுக்கு ஒரே மாதிரி கறுப்புப் பெட்டிதான், கால் வரிசை வேறயா இருக்கும்.

26 மே

மச்சான் குடும்பத்தோட ஏற்காடு போய்ட்டு வந்தோம். அவன் வண்டி, அவன்தான் ஓட்டினான். ஏறும்போது ஒழுங்கா ஏறினான். இறங்கும்போது பெட்ரோல் மிச்சம் பண்றேன்னு நியூட்ரல்ல விட்டுட்டான். இருபது கொண்டை ஊசி வளைவு, பின்னாடி குழந்தைங்க. ஏழெட்டு வளைவு தாண்டினதும் டயர் எரியற மாதிரி வாசனை. பிரேக் பெடல் பஞ்சு மாதிரி உள்ள போகுதுன்னான். நிறுத்தி அரை மணி நேரம் ஆறவிட்டோம். மிச்சத்தை ரெண்டாவது கியர்லயே இறக்கச் சொன்னேன்.

முதல் விஷயம், நியூட்ரல்ல பெட்ரோல் மிச்சமே ஆகாது. இப்ப இருக்கிற இன்ஜெக்‌ஷன் வண்டி எல்லாம் கியர்ல இருந்துக்கிட்டு ஆக்ஸிலரேட்டர்ல இருந்து காலை எடுத்தா பெட்ரோலையே நிறுத்திரும், சக்கரம்தான் இன்ஜினைச் சுத்தும். நியூட்ரல்ல போட்டா இன்ஜின் அணையாம இருக்கப் பெட்ரோல் குடிச்சே ஆகணும். கார்புரேட்டர் காலத்துப் புத்தி இது.

ரெண்டாவது, பிரேக் ஆயில். அது காத்துல இருக்கிற ஈரத்தை உறிஞ்சிக்கும். டாட் 4 ஆயில் (பிரேக் ஆயில்ல ஒரு தரம்) புதுசா இருக்கும்போது 230 டிகிரி வரைக்கும் கொதிக்கக் கூடாதுங்கிறது அளவு, ஈரம் ஏறின பிறகு அதே ஆயிலுக்கு 155 தான். மலை இறக்கத்துல அது ஒண்ணும் பெரிய சூடு இல்லை. கொதிச்சா குழாய்க்குள்ள ஆவிக் குமிழி, மிதிக்கிற மிதி எல்லாம் குமிழியை நசுக்கத்தான் போகும். ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தணும். மச்சான் வண்டி வாங்கி ஆறு வருஷம் ஆச்சு. மாத்தினியாடான்னு கேட்டேன், "லெவல் ஃபுல்லாத்தானே மாமா இருக்கு"ங்கிறான்.

27 மே

மச்சான் இதைப் படிச்சிட்டான். பிரேக் ஆயில் மாத்திட்டானாம். "இருபதுல பதினெட்டு வளைவு நல்லாத்தான ஓட்டினேன்"னு எழுதச் சொல்றான். எழுதிட்டேன்.

9 ஜூன்

ஏசில ஊத்த வாடை அடிக்குதுன்னு கேட்டவருக்கு: கேஸ் ஏத்தக் கிளம்பறதுக்கு முன்னாடி கேபின் ஃபில்டரை (வண்டிக்குள்ள வர்ற காத்தை வடிகட்டுறது) கழட்டிப் பாருங்க. நிறைய வண்டில டேஷ்போர்டு பெட்டியைக் கீழ இறக்கினா பின்னாடியே இருக்கும், ஸ்குரூ டிரைவர் கூட வேணாம். எங்க வண்டி வேப்ப மரத்தடியில நிக்கும், உருவினா ஒரு கைப்பிடி வேப்பம்பூ கொட்டுச்சு. ரசம் வைக்கலாம்.

21 ஜூலை

மே மாசம் எழுதினதை நானே மறுபடி திருத்தணும். ரிலேயோட பிரச்சினை முடிஞ்சுதுன்னு நினைச்சேன். ஆனா கூலன்ட் டப்பால ரெண்டு வாரத்துக்கு ஒரு விரக்கடை குறையுது. தரையில ஒரு சொட்டு கிடையாது. ஆயில் மூடிக்கு அடியில வெண்ணெய் மாதிரி வெள்ளையா ஏதாவது ஒட்டியிருக்கா, புகைக்குழாய்ல வெள்ளைப் புகை வருதான்னு பாத்தேன். அது இருந்தா ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் தலைக்கு அடியில இருக்கிற அடைப்புத் தகடு) போச்சுன்னு பயப்படணும். இல்லை.

நேத்து காலைல டார்ச் அடிச்சு ஒவ்வொரு ஹோஸா தடவிட்டே போனேன். மேல் ஹோஸ் ரேடியேட்டர்ல சேர்ற இடத்துல, கிளிப்புக்குக் கீழ, பச்சையா உப்புப் பூத்த மாதிரி ஒரு கோடு. ஓடும்போது கசியுது, சூட்டுல அங்கயே காஞ்சிருது, அதான் தரைக்கு வரல. போன வருஷம் ஒரு ஒர்க்‌ஷாப்ல ஹோஸ் மாத்தினேன், கிளிப்பை ஓரத்துல வச்சு முடுக்கியிருக்கான். ஜாப் கார்டுல "ஹோஸ், கிளிப் பரிசோதனை: சரி"னு டிக் அடிச்சுக் குடுத்திருந்தாங்க. தம்பி, சர்வீஸ் விட்டா போதாதான்னு பிப்ரவரில கேட்டியே. டிக் அடிச்சவன் விரலை வச்சுப் பாத்தானான்னு நமக்குத் தெரியாது.

22 ஜூலை

இன்னொண்ணையும் ஒத்துக்கிறேன். ஏப்ரல்ல அரை லிட்டர் தண்ணி ஊத்தினேன்னு எழுதினேன்ல, அது அந்த ஹோட்டலோட போர் தண்ணி. வேற வழி இல்லை, ஊத்தினது தப்பில்ல. வழியில நின்னா எந்தத் தண்ணியும் ஊத்தலாம். ஆனா வீட்டுக்கு வந்ததும் வடிச்சிருக்கணும், சோம்பல்ல மூணு மாசம் விட்டுட்டேன். எங்க ஊர் போர் தண்ணியைக் காய்ச்சுற பாத்திரத்தோட அடியைப் பாத்தவங்களுக்குத் தெரியும், வெள்ளையா ஓடு கட்டியிருக்கும். அதே ஓடுதான் ரேடியேட்டரோட மெல்லிசு குழாய்க்குள்ளயும் கட்டும். நேத்து வடிச்சப்ப கலங்கலா வந்துச்சு. டிஸ்டில்டு வாட்டர் விட்டு ரெண்டு தடவை அலசி, புது கூலன்ட் ஊத்தினேன். கலந்தே வர்றது வாங்கினா அப்படியே ஊத்தலாம், கெட்டியா வர்றதுல பாதிக்குப் பாதி டிஸ்டில்டு வாட்டர் சேக்கணும். நிறத்தைப் பாத்து வாங்காதீங்க. பச்சையெல்லாம் ஒரே வகை இல்லை, புத்தகத்துல என்ன வகை போட்டிருக்கோ அதுதான்.

18 ஆகஸ்ட்

கல்யாணத்துக்கு ஊருக்குப் போய் ஒன்பது நாள் கழிச்சு வந்தா செல்ஃப் "டிக் டிக்"குங்குது. டேஷ் கேமராவை நேரா பேட்டரில இருந்து இழுத்து வச்சிருந்தேன், ஒன்பது நாளும் யாருமில்லாத ஷெட்டைப் படம் பிடிச்சிருக்கு. மீட்டர் வச்சா 11.8 வோல்ட். நல்ல பேட்டரி ஓய்வுல 12.6 காட்டணும், இன்ஜின் ஓடும்போது 14 பக்கம். பக்கத்து வீட்டு வண்டில இருந்து கேபிள் போட்டோம். சிவப்பு முதல்ல செத்த பேட்டரியோட பிளஸ்ல, அடுத்து நல்ல பேட்டரி பிளஸ்ல. கறுப்பு நல்ல பேட்டரி மைனஸ்ல, கடைசி முனை செத்த வண்டியோட இன்ஜின்ல ஏதாவது வெறும் இரும்புல. பேட்டரி மேலயே வச்சா பொறி தட்டும், அங்க ஹைட்ரஜன் வாயு இருக்கலாம்.

பேட்டரி டெர்மினல்ல பூத்திருந்த உப்புக்கு வெந்நீரும் ஆப்பச் சோடாவும் போதும், மைனஸை முதல்ல கழட்டிட்டு.

13 அக்டோபர்

ஆயுத பூஜை வண்டிங்க எல்லாம் நல்லா இருக்கா? மூணு நினைவூட்டல். வாழைக்கன்னையும் மாவிலைத் தோரணத்தையும் கிரில்லு மேல இருந்து இன்னிக்கே எடுத்துருங்க, அது ரேடியேட்டருக்குப் போற காத்தை மறைக்கும். கண்ணாடில வச்ச சந்தனம் குங்குமத்தைத் தண்ணி ஊத்தித் துடைங்க, வைப்பரைப் போட்டு இழுத்தா காஞ்ச சந்தனம் உப்புத்தாள் மாதிரி. நசுங்கின எலுமிச்சம்பழம் டயர் காடிக்குள்ள இருந்தா இருக்கட்டும், ஒண்ணும் ஆகாது.

4 டிசம்பர்

ஃபெஞ்சல் புயல் மழையில ஊத்தங்கரையில ஒரே நாள்ல 50 சென்டிமீட்டர். நின்ன வேன், கார் எல்லாத்தையும் தண்ணி இழுத்துட்டுப் போன வீடியோ எல்லாரும் பாத்திருப்பீங்க. அப்படிப் போன வண்டிக்கு நாம ஒண்ணும் பண்ண முடியாது. ஆனா தண்ணி ஏறி வடிஞ்ச வண்டியை "ஸ்டார்ட் ஆகுதா பாப்போம்"னு சாவியைத் திருகாதீங்க. சிலிண்டருக்குள்ள போன தண்ணியைக் காத்து மாதிரி அமுக்க முடியாது, பிஸ்டன் முட்டி கனெக்டிங் ராடு வளைஞ்சிரும். திருகாம விட்டா சுத்தம் பண்ற செலவு, திருகினா இன்ஜின் செலவு. இன்ஜின் பாதுகாப்புன்னு தனியா சேக்காத இன்சூரன்ஸ்ல பெரும்பாலும் அந்தச் செலவைத் தர மாட்டாங்க. பேட்டரி மைனஸைக் கழட்டிட்டு, வேற வண்டில ஏத்தி மெக்கானிக்கிட்ட கொண்டு போங்க.

15 டிசம்பர்

தம்பி திரும்ப வந்திருக்கான். வாரம் தவறாம பானெட்டைத் திறக்கிறானாம், போன வாரம் பேட்டரி பக்கத்துல எலிக்கூடு, உள்ள பாதி தின்ன முறுக்கு. ரெண்டு ஒயரோட தோலை உரிச்சிருக்கு. புகையிலை வைக்கலாமான்னு கேக்கிறான். நான் வச்சுப் பாத்தேன், எலி போகல. எங்கப்பாதான் "எவண்டா வண்டிக்குள்ள புகையிலை போட்டு வைக்கிறது, எனக்குக் குடுத்தா ஆகாதா"ன்னார். ராத்திரி பானெட்டைத் திறந்தே வச்சு நிறுத்தினா இருட்டு இல்லாததால எலி கூடு கட்டாதுங்கிறாங்க, எங்க தெருவுல ஓரளவு பலிக்குது. பாதுகாப்பான ஷெட்டா இருந்தா செஞ்சு பாரு. வண்டிக்குள்ள சாப்பிடுறதை நிறுத்து. உரிஞ்ச ஒயருக்கு இன்சுலேஷன் டேப் இன்னிக்கே சுத்து.

22 டிசம்பர்

ஓமலூர் தாண்டி ஒரு பஞ்சர் கடைல உக்காந்து இதை எழுதுறேன். பின் டயர்ல ரெண்டு அங்குல ஆணி. பரவாயில்லை, ஸ்டெப்னி இருக்குன்னு ஜாக்கி போட்டு, வீல் நட்டெல்லாம் கழட்டி, டிக்கில இருந்து ஸ்டெப்னியைத் தூக்கிக் கீழ போட்டா "தொப்"னு சொல்லுச்சு. கேஜ் வச்சுப் பாத்தேன். 14.

பிப்ரவரி 12 பதிவை எடுத்துப் போட்டுக் கிண்டல் பண்றவங்க வரிசையில வாங்க. கடைக்காரர் அதுக்குள்ள எங்கப்பாவுக்கு ஃபோன் போட்டுச் சொல்லிட்டார், ரெண்டு பேரும் பழைய லாரி ஆளுங்களாம்.